ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 மல்டிபிளேயர்: முதல் இருபது தோல்விகள் எதற்காக?

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்றதும் பலருக்கு பிரவுசிங் சென்டர்தான் நினைவுக்கு வரும். மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருக்கும் நண்பனோடு லேனில் ஆடியிருப்பார்கள். இல்லையென்றால் வீட்டில் தனியாக உட்கார்ந்து, சீட் கோடு அடித்துக் கோப்ரா காரை வரவழைத்து எதிரியின் கோட்டையை இடித்திருப்பார்கள். ஊரை வளர்த்து, படை திரட்டி, எதிரியை வீழ்த்தும் கேம் அது, 1999-இல் வந்தது. 2019 நவம்பரில் டெஃபினிட்டிவ் எடிஷன் என்று புதுப்பித்து வெளியிட்ட பிறகு, எந்த நேரத்தில் உட்கார்ந்தாலும் எதிரே ஆட ஓர் ஆள் கிடைக்கிறது.

ஆனால் பழைய ஆசையில் அதை வாங்கியவர்களில் நிறையப் பேர் தனியாக ஆடும் கதைப் பகுதியான கேம்பெயினோடு நின்றுவிடுகிறார்கள். மல்டிபிளேயர் பட்டன் பக்கம் கை போவதில்லை. போனாலும் மூன்று நான்கு மேட்ச் தோற்றதும், "இங்கே இருப்பவர்கள் எல்லாம் வேற லெவல், நமக்குச் சரிப்படாது" என்று மூடிவிடுகிறார்கள். அவர்கள் விட்டுப் போகும் அந்த இடத்தில்தான் உண்மையில் ஆட்டம் தொடங்குகிறது. ஏன் என்று புரிந்துகொண்டால் பயம் பாதி குறைந்துவிடும். அதனால் ரேட்டிங்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எலோ எப்படி வேலை செய்கிறது

ரேங்க்ட், அதாவது தரவரிசைக்கான மேட்ச் ஆடும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. அதை எலோ என்பார்கள். ஆர்பாட் எலோ என்ற அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் சதுரங்கத்துக்காக உருவாக்கிய முறை இது. உலக சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இல் இதை ஏற்றுக்கொண்டது. விஸ்வநாதன் ஆனந்த், குகேஷ், பிரக்ஞானந்தா ஆகியோருக்கு நாம் செய்திகளில் படிக்கும் ரேட்டிங்கும் இதே கணக்குதான்.

கணக்கின் அடிப்படை எளிது. இரண்டு பேருக்கும் ஒரே எலோ என்றால் வெற்றி வாய்ப்பு ஆளுக்குப் பாதி. 100 புள்ளி அதிகம் உள்ளவருக்கு 64 சதவீத வாய்ப்பு. 200 புள்ளி அதிகம் என்றால் 76 சதவீதம். 400 என்றால் 91 சதவீதம். தன்னைவிடப் பெரிய எண் உள்ளவரை ஜெயித்தால் நிறையப் புள்ளி ஏறும், சிறிய எண் உள்ளவரிடம் தோற்றால் நிறைய இறங்கும். சமமான இருவர் மோதினால் ஜெயித்தவருக்கு ஏறத்தாழ 16 புள்ளி ஏறும், தோற்றவருக்கு அதே அளவு இறங்கும்.

புதிதாக வருபவரை வாட்டுவது ஒரு விஷயம். எல்லோருக்கும் தொடக்க எண் 1000. நேற்று வந்தவருக்கும் 1000, சில வருடங்களாக ஆடி நடுத்தர நிலைக்கு வந்தவருக்கும் 1000. உங்களை யாரென்றே தெரியாத சிஸ்டம், நடுவில் ஓரிடத்தில் உட்கார வைத்துப் பார்க்கிறது. உங்கள் உண்மையான ஆட்டம் 700 அளவில் இருந்தால், 1000-இல் உள்ளவரை ஜெயிக்கும் வாய்ப்பு வெறும் 15 சதவீதம். ஏழு மேட்சில் ஒன்று. ஒரு தோல்விக்கு 16 வீதம் இறங்கி 700-ஐத் தொட ஏறத்தாழ இருபது தோல்வி வேண்டும். நடுவில் ஒன்றிரண்டு ஜெயித்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

அந்த இருபது தோல்வியும் உங்கள் திறமைக்குக் கிடைத்த தீர்ப்பு அல்ல. உங்களுக்குச் சமமான ஆள் எங்கே இருக்கிறார் என்று சிஸ்டம் தேடிக்கொண்டிருக்கும் நேரம் அது. அந்த இடம் வந்ததும் ஆட்டம் அப்படியே மாறும். எதிரே இருப்பவரும் உங்களைப் போலவே வீடு கட்ட மறப்பார், குதிரைப்படையைத் தொலைப்பார், தங்கம் தீர்ந்து திணறுவார். இரண்டில் ஒன்று ஜெயிப்பீர்கள். மூன்றாவது மேட்சிலேயே கேமை மூடியவர் இதைப் பார்க்காமலே போய்விடுகிறார். எனக்கு அதுதான் வருத்தம்.

இன்னொன்று. நீங்கள் எவ்வளவு முன்னேறினாலும் பாதி மேட்ச் தோற்றுக்கொண்டுதான் இருப்பீர்கள். ரேட்டிங் ஏற ஏற எதிராளியும் ஏறுவார். உலகின் முதல் ஐந்தாறு பேரைத் தவிர எல்லோருக்கும் இதே நிலைமைதான். ஆகவே வெற்றி சதவீதத்தைப் பார்க்காதீர்கள், மாதத்துக்கு ஒருமுறை எலோவைப் பாருங்கள், போதும். முதல் 10 மேட்ச் முடியும்வரை தரவரிசையில் உங்கள் பெயரே வராது என்பதால், தொடக்கத் தோல்விகளை யாரும் கவனிப்பதும் இல்லை.

நண்பர்களோடு சேர்ந்து ஆடும் டீம் கேமுக்கு எலோ தனி. ஒருவருக்கு ஒருவர் ஆடுவதில் இறங்கினால் அது பாதிக்காது. இதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

உள்ளே போவதற்கு முன்

தனியாக ஆடி எவ்வளவு தயாராக வேண்டும்? என் கருத்தில், பலரும் இதற்குத் தேவைக்கு மேல் நேரம் எடுக்கிறார்கள். கம்ப்யூட்டரின் நிலைகளில் மாடரேட்டை நிம்மதியாக ஜெயிக்க முடிந்தால் போதும். எக்ஸ்ட்ரீமை அடித்துவிட்டுத்தான் வருவேன் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம். டெஃபினிட்டிவ் எடிஷனின் கம்ப்யூட்டர் திருட்டுத்தனமாகக் கூடுதல் வளம் எடுத்துக்கொள்வதில்லை, நேர்மையாகத்தான் ஆடுகிறது. ஆனாலும் அது மனிதரைப் போல ஏமாற்றாது, தயங்காது, எதிர்பாராத மூலையிலிருந்து வராது. அதோடு நிறைய ஆடினால் அதை ஜெயிக்கும் வித்தை மட்டுமே கைக்கு வரும்.

அதற்குப் பதிலாக, கேமிலேயே இருக்கும் ஆர்ட் ஆஃப் வார் பயிற்சிகளைச் செய்யுங்கள். தொடக்கப் பொருளாதாரம், வேகமாக மூன்றாவது கட்டமான காஸில் ஏஜுக்குப் போவது, தொடக்கத் தாக்குதலைத் தடுப்பது என்று தனித்தனிப் பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரம் வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் தருவார்கள். வெண்கலம் கிடைத்ததும் கிளம்பிவிடலாம்.

கம்ப்யூட்டர் பழசாக இருந்தால் ஒரு சிறு தடை உண்டு. ரேங்க்டில் நுழைய, கேமுக்குள் இருக்கும் பெஞ்ச்மார்க் சோதனையில் 1000 புள்ளி எடுக்க வேண்டும். இதை வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. இந்த கேமில் ஆயிரக்கணக்கான வீரர்களின் நகர்வு இன்டர்நெட் வழியாகப் போவதில்லை. நீங்கள் இட்ட கட்டளை மட்டும்தான் போகிறது. எல்லோருடைய கம்ப்யூட்டரும் அதே கட்டளையை வாங்கி, அதே போரைத் தனித்தனியாகக் கணக்கிட்டு, அடிக்கு அடி ஒன்றாக நகர்கின்றன. டயல்-அப் காலத்து மெதுவான இணைப்பில் பெரிய படைகளை மோதவிட முடிந்தது இதனால்தான். விலை என்னவென்றால், எட்டுப் பேர் ஆடும்போது ஒருவருடைய கம்ப்யூட்டர் திணறினால் எட்டுப் பேருக்கும் ஆட்டம் இழுக்கும். கிராபிக்ஸைக் குறைத்து, பிரவுசரை மூடிவிட்டு வருவது மற்ற ஏழு பேருக்கும் செய்யும் மரியாதை.

லாபி, ரேங்க்ட் என்று இரண்டு வழிகள் இருக்கின்றன. லாபியில் யாரோ ஓர் அறை திறந்து, மேப்பையும் விதிகளையும் அவரே வைத்திருப்பார். பிடித்த அறையில் நுழையலாம். தலைப்பில் புதியவர்களுக்கு மட்டும் என்று போட்டிருப்பார்கள். உள்ளே போனால் அனுபவசாலி ஒருவர் உட்கார்ந்திருக்கவும் வாய்ப்புண்டு. ரேட்டிங் பிடிக்கவில்லை என்று அறை திறந்தவர் உங்களை வெளியே தள்ளவும் செய்வார். நண்பர்களோடு ஆட லாபி அருமை. தெரியாதவர்களோடு ஆட ரேங்க்ட்தான் நியாயமானது, ஏனென்றால் அங்கே ஆளைத் தேர்ந்தெடுப்பது கணக்கு.

ரேங்க்டில் மேப் பட்டியல் அவ்வப்போது மாறும், பிடிக்காததைத் தடை செய்யலாம். அரேபியா என்ற திறந்தவெளி மேப்பைத்தான் அதிகம் ஆடுகிறார்கள். அரீனாவில் தொடக்கத்திலேயே சுற்றிலும் மதில் இருக்கும் என்பதால் புதியவர்கள் அங்கே ஒதுங்கப் பார்ப்பார்கள். நான் அரேபியாவையே சொல்வேன். அடி சீக்கிரம் விழும், ஆனால் எங்கே ஓட்டை என்பதும் சீக்கிரம் தெரியும்.

முதல் ஒரு நிமிடம்

மேட்ச் திறந்ததும் உங்களிடம் ஊரின் மையக் கட்டடமான டவுன் சென்டர் ஒன்று, வேலை செய்யும் வில்லேஜர் மூன்று பேர், வேவு பார்க்கும் ஸ்கவுட் ஒருவர். கையிருப்பு உணவு 200, மரம் 200, தங்கம் 100, கல் 200. ஒரு வில்லேஜருக்கு விலை 50 உணவு. ஆக, நான்கு வில்லேஜரை வரிசையில் போட முடியும். எச் கீயை அழுத்தினால் டவுன் சென்டர் தேர்வாகும். நான்கையும் போட்டுவிடுங்கள். வேறு எதைத் தொடும் முன்பும் இதைச் செய்ய வேண்டும்.

அடுத்து வீடு. டவுன் சென்டர் ஐந்து பேருக்குத்தான் இடம் தரும். நீங்கள் ஏற்கெனவே நான்கு பேர். முதல் வில்லேஜர் 25 விநாடியில் வெளியே வந்ததும் ஐந்து ஆகிவிடும், இரண்டாவது வில்லேஜருக்கு இடம் இல்லை. அதனால் உடனே இரண்டு வில்லேஜரை வைத்து ஒரு வீட்டைத் தொடங்குங்கள், மூன்றாமவரை இன்னொரு வீட்டுக்கு அனுப்புங்கள். வீட்டுக்கு 25 மரம், ஒவ்வொன்றும் ஐந்து பேருக்கு இடம் தரும். இதற்கிடையில் ஸ்கவுட்டை டவுன் சென்டரைச் சுற்றி வட்டமடிக்க விட்டு ஆடுகளைத் தேடுங்கள். நான்கு ஆடு பக்கத்திலேயே இருக்கும், மீதி நான்கு இரண்டிரண்டாகக் கொஞ்சம் தள்ளி இருக்கும். ஓர் ஆட்டில் 100 உணவு. அதை டவுன் சென்டருக்கு அடியிலேயே வரவழைத்து வெட்ட வேண்டும், வில்லேஜர் நடக்கும் தூரம் மிச்சம்.

யூடியூபில் பார்க்கும்போது 25 விநாடி என்பது வேகமாக ஓடுவது போல இருக்கும். உண்மைதான், ரேங்க்ட் ஆட்டம் 1.7 மடங்கு வேகத்தில் ஓடுகிறது. திரையில் ஓடும் 25 விநாடி நம் கடிகாரத்தில் 15 விநாடிக்கும் குறைவு. இனி நான் சொல்லும் எல்லா நேரமும் கேம் கடிகாரத்தின்படிதான்.

டவுன் சென்டர் சும்மா நிற்கக் கூடாது

புதியவர்கள் தோற்பது ஏன் என்று கேட்டால், கை வேகம் போதாது, உத்தி தெரியாது, எதிரிப் படை பலமானது என்றெல்லாம் சொல்வார்கள். நான் பார்த்தவரை காரணம் ஒன்றுதான். டவுன் சென்டர் சும்மா நின்றிருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வில்லேஜர் வெளிவர 25 விநாடி. முதல் 20 நிமிடத்தில் அங்கே 40 விநாடி, இங்கே ஒரு நிமிடம் என்று மொத்தம் 5 நிமிடம் டவுன் சென்டர் சும்மா நின்றால், 12 வில்லேஜர் குறைவு. ஒரு வில்லேஜர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 20 அளவு வளம் கொண்டுவருவார். 12 பேருக்கு 240. நைட் என்ற குதிரைவீரர் ஒருவரின் விலை 60 உணவும் 75 தங்கமும், அதாவது 135. ஆக, உங்கள் எதிராளி ஒவ்வொரு நிமிடமும் உங்களைவிட ஏறத்தாழ ஒன்றே முக்கால் நைட் கூடுதலாக இறக்கிக்கொண்டிருக்கிறார். சண்டையில் நீங்கள் எவ்வளவு சாமர்த்தியம் காட்டினாலும் இதை ஈடுகட்ட முடியாது.

டவுன் சென்டர் நிற்பதற்குக் காரணங்கள் மூன்றே. வில்லேஜரைப் போட மறந்திருப்பீர்கள், உணவு தீர்ந்திருக்கும், அல்லது வீடு இருக்காது. முதல் பத்து மேட்சுக்கு வேறு எந்த லட்சியமும் வேண்டாம். பத்துப் பதினைந்து விநாடிக்கு ஒருமுறை எச் கீயைத் தட்டி, வரிசையில் ஆள் இருக்கிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டால் போதும். போரின் நடுவிலும் தட்ட வேண்டும், அப்போதுதான் எல்லோரும் மறக்கிறார்கள். இது கைக்கு வந்துவிட்டாலே பல நூறு எலோ ஏறலாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

வேலையில்லாமல் நிற்கும் வில்லேஜரைத் தேடிக் கொடுக்க முற்றுப்புள்ளிக் கீ இருக்கிறது. அதையும் பழகுங்கள்.

முதல் ஏஜில் ஒரே ஓர் ஆபத்தான வேலை, காட்டுப்பன்றியை இழுத்து வருவது. ஒரு பன்றியில் 340 உணவு, மேப்பில் உங்கள் பக்கம் வழக்கமாக இரண்டு இருக்கும். ஒரு வில்லேஜரை அனுப்பி அடிக்கச் சொன்னால் அது துரத்தும். நேராக டவுன் சென்டருக்கு ஓடி வர வேண்டும், அங்கே ஆடு வெட்டிக்கொண்டிருப்பவர்கள் சேர்ந்து அதைச் சாய்ப்பார்கள். லூம் என்ற மேம்பாட்டை 50 தங்கத்துக்கு முதலில் வாங்கிவிட்டால் வில்லேஜரின் உயிர் 25-இலிருந்து 40 ஆகும். புதியவர்கள் லூம் இல்லாமல் பன்றியிடம் போகவே வேண்டாம்.

பிறகு 500 உணவு சேர்ந்ததும் இரண்டாவது கட்டமான ஃப்யூடல் ஏஜ், அதற்கு 130 விநாடி. 800 உணவும் 200 தங்கமும் சேர்ந்ததும் காஸில் ஏஜ். எத்தனையாவது வில்லேஜருக்குப் பிறகு ஏறுவது, யாரை எங்கே அனுப்புவது என்பதற்கெல்லாம் பில்ட் ஆர்டர் என்று எழுதி வைத்த வரிசைகள் இருக்கின்றன. ஒன்றே ஒன்றை எடுத்து மனப்பாடம் ஆகும்வரை ஆடுங்கள். வாரத்துக்கு ஒன்று மாற்றுபவர்கள் எதையும் கற்றதில்லை.

அடி விழும்போது

பத்துப் பதினொரு நிமிடத்தில் மரம் வெட்டும் இடத்துக்கு மூன்று நான்கு குதிரைகள் வரும். ஸ்கவுட் ரஷ் என்பார்கள். புதியவரின் கை நேராக டவுன் பெல்லுக்குப் போகும். மணி அடித்தால் எல்லா வில்லேஜரும் வேலையைப் போட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் ஓடுவார்கள். பெர்ரி பறிப்பவரும், தங்கம் எடுப்பவரும், யாரும் தொடாத விவசாயியும்கூட. எதிராளி நான்கு குதிரையால் இருபது பேரின் வேலையை நிறுத்திவிட்டார். ஓர் ஆள்கூடச் சாகாமல் அவர் ஜெயித்துக்கொண்டிருக்கிறார்.

மணியைத் தொடாதீர்கள். அடிவாங்கும் வில்லேஜரை மட்டும் டவுன் சென்டருக்குள் அனுப்புங்கள். உள்ளே ஆள் இருந்தால் டவுன் சென்டர் அம்பு விடும். பாரக்ஸ் என்ற படைக்கூடத்தில் இரண்டு மூன்று ஸ்பியர்மேன் போட்டு மரம் வெட்டும் இடத்தில் நிறுத்துங்கள். ஒருவருக்கு 35 உணவு, 25 மரம், தங்கமே வேண்டாம். குதிரை மேல் ஸ்பியர்மேனுக்குத் தனிப் பலம் உண்டு, பக்கத்தில் ஈட்டியைப் பார்த்ததும் எதிராளி குதிரையைத் திருப்பிவிடுவார். மரவேலியும் உதவும், ஆனால் வேலி போடுகிறேன் என்று பொருளாதாரத்தை மறந்துவிடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எதற்கு எது என்பதைத் தொடக்கத்தில் மூன்று வரியில் வைத்துக்கொள்ளலாம். குதிரைக்கு ஸ்பியர்மேன். ஆர்ச்சர் என்ற வில்லாளிக்கு, ஈட்டி எறியும் ஸ்கர்மிஷர். ஸ்பியர்மேனுக்கு ஆர்ச்சர். எதிராளி எதை இறக்கப்போகிறார் என்பதை உங்கள் ஸ்கவுட் சொல்லும். அவர் ஊரில் சீக்கிரமே தங்கத்தில் நாலைந்து பேர் நின்றால் ஆர்ச்சர் வருகிறது என்று பொருள். லாயம் எழும்பியிருந்தால் குதிரை. இதைப் பார்க்கத்தான் ஸ்கவுட்டை ஆடு கிடைத்ததும் சும்மா நிறுத்திவிடக் கூடாது.

எந்த நாகரிகத்தை எடுப்பது? 45-க்கும் மேல் இருக்கின்றன, எல்லாவற்றையும் படிக்கப் போனால் விளையாடவே மாட்டீர்கள். ஃபிராங்க்ஸை எடுத்துக்கொண்டு ஒரு மாதம் அதிலேயே இருங்கள். அவர்களின் குதிரைப்படைக்கு 20 சதவீதம் கூடுதல் உயிர், விவசாய மேம்பாடுகள் இலவசம். மறதிக்காரருக்கு இதைவிட உதவியான நாகரிகம் கிடையாது.

நம்மவர்கள் பலருக்கும் கை போவது டிராவிடியன்ஸ் பக்கம். 2022 ஏப்ரலில் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா தொகுப்பில் சேர்ந்த நாகரிகம் அது. வில்லேஜரைத் தொட்டால் தமிழில் பதில் சொல்வார், உருமி என்ற சுருள்வாளை வீசும் வீரர்கள் உண்டு, ராஜேந்திர சோழனின் கேம்பெயினும் இருக்கிறது. முதல்முறை கேட்கும்போது வரும் மகிழ்ச்சி தனிதான், அந்த கேம்பெயினைக் கட்டாயம் ஆடுங்கள். ஆனால் அவர்களுக்கு நைட் கிடையாது, காலாட்படையையும் கப்பலையும் நம்பி ஆட வேண்டிய நாகரிகம். மெதுவான படையை வைத்துத் திறந்த மேப்பில் சமாளிப்பதற்கு அனுபவம் வேண்டும். ரேங்க்டுக்கு ஃபிராங்க்ஸில் பழகிவிட்டு வந்து எடுங்கள்.

அங்கே எப்படிப் பழகுகிறார்கள்

இந்த கேமைத் தாங்கிப் பிடித்தவர்கள் ஆடுபவர்கள்தான். இதை உருவாக்கிய என்செம்பிள் ஸ்டுடியோஸை 2009-இல் மூடிவிட்டார்கள். அதன் பிறகும் வூப்லி போன்ற தளங்களில் ரசிகர்கள் தாங்களாகவே போட்டி நடத்தினார்கள். ஃபர்காட்டன் எம்பயர்ஸ் என்று ரசிகர்கள் செய்த மாற்றுத் தொகுப்புதான் 2013-இல் அதிகாரபூர்வமான விரிவாக்கமாக வந்தது. அந்தக் குழுவே பிறகு டெஃபினிட்டிவ் எடிஷனையும் உருவாக்கியது. 2022-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் கோட்டைக்குள் ரெட் புல் வொலோலோ போட்டி நடந்தது. இருபது வருடத்துக்கு மேலான ஒரு கேமுக்குக் கிடைத்த மரியாதை அது. இப்படி வந்த கூட்டம் என்பதால் புதியவர்கள் வந்தால் பொதுவாகச் சந்தோஷப்படுகிறார்கள்.

மேட்ச் தொடங்கியதும் "ஜிஎல் எச்எஃப்" என்று தட்டுவார்கள், நன்றாக ஆடுங்கள் என்ற வாழ்த்து. நீங்களும் தட்டுங்கள். தோற்கப்போகிறது என்று தெரிந்ததும் நல்ல ஆட்டம் என்ற பொருளில் "ஜிஜி" போட்டுவிட்டு ரிசைன் செய்வது வழக்கம். ஜெயிப்பவர் முதலில் "ஜிஜி" போட்டால் சிலருக்குக் கோபம் வரும், தோற்பவர் சொல்லட்டும் என்று விட்டுவிடுங்கள். படையெல்லாம் போன பிறகு மேப்பின் மூலையில் ஒரு வீட்டைக் கட்டி ஒளிந்துகொண்டு நேரத்தை இழுப்பதை யாரும் விரும்புவதில்லை. நடுவில் பாஸ் போட வேண்டியிருந்தால் காரணத்தை ஒரு வார்த்தையில் சொல்லிவிடுங்கள்.

சாட்டில் வெறும் எண் வந்தால் குழம்ப வேண்டாம். 11 என்று தட்டினால் சிரிப்புச் சத்தம். 30 தட்டினால், எதிரி வீரரைத் தன் பக்கம் மாற்றும் துறவியான மாங்க் சொல்லும் அந்த "வொலோலோ". 3 என்றால் உணவு கேட்கிறார், 4 மரம், 5 தங்கம், 6 கல். டீம் கேமில் இது உண்மையாகவே பயன்படும், ஏனென்றால் மார்க்கெட் கட்டிவிட்டால் கூட்டாளிக்கு வளத்தை அனுப்ப முடியும்.

திட்டுபவர்களும் இருக்கிறார்கள், மறைக்கப் போவதில்லை. பெரும்பாலும் டீம் கேமில், தன் பக்கத்து ஆள் சரியில்லை என்று கத்துவார்கள். பதில் எழுதாதீர்கள். எழுதும் நேரத்தில் உங்கள் டவுன் சென்டர் சும்மா நிற்கும். மியூட் செய்துவிட்டு ஆடுங்கள், எல்லை மீறினால் ரிப்போர்ட் செய்யுங்கள்.

டீம் கேமில் ஃபிளாங்க், பாக்கெட் என்று இரண்டு இடங்கள். ஓரத்தில் எதிரியை முதலில் சந்திப்பவர் ஃபிளாங்க், நடுவில் பாதுகாப்பாக இருப்பவர் பாக்கெட். புதியவர் பாக்கெட்டில் உட்கார்ந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். ஆனால் பாக்கெட்டில் இருப்பவர் அமைதியாக ஊரை வளர்த்துக்கொண்டே இருந்துவிட முடியாது. காஸில் ஏஜ் வந்ததும் நைட்டோடு ஓரத்தில் அடிவாங்குபவருக்கு உதவப் போக வேண்டும். போகவில்லை என்றால் அவர் வீழ்ந்த அடுத்த ஐந்து நிமிடத்தில் உங்கள் முறை. ஊரை இழந்தாலும் உடனே ரிசைன் செய்யாதீர்கள், கூட்டாளிகள் இன்னும் போராடிக்கொண்டிருப்பார்கள். இரண்டு வில்லேஜரோடு அவர்கள் ஊருக்குப் போய்ப் பண்ணை போட்டு வளம் அனுப்பியவர்களால் திரும்பி வந்த மேட்சுகளும் உண்டு.

தோற்ற மேட்சைத் திரும்பப் பார்ப்பது

ஒவ்வொரு மேட்சும் தானாகவே பதிவாகும். ரெக் என்பார்கள். தோற்றவுடன் இன்னொரு மேட்சுக்குப் பாயாமல், ரெக்கை வேகமாக ஓடவிட்டுப் பாருங்கள். போரைப் பார்க்க வேண்டாம், அது மனசைத்தான் கெடுக்கும். டவுன் சென்டரைப் பாருங்கள். எந்த நிமிடத்தில் முதன்முறை நின்றது, அப்போது நீங்கள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கவனியுங்கள். வீடு இல்லாமல் எத்தனை முறை நின்றது என்று பாருங்கள். 20-ஆவது நிமிடத்தில் கையில் எவ்வளவு மரம், உணவு செலவாகாமல் குவிந்து கிடந்தது என்று பாருங்கள். 800 மரம் சும்மா கிடந்தால் கட்ட வேண்டிய பாரக்ஸும் பண்ணையும் கட்டப்படவில்லை என்று பொருள். பிறகு அதே நேரத்தில் எதிராளியின் எண்ணிக்கையைப் பாருங்கள். வேற லெவல் என்று நினைத்தவர் உங்களைவிட எட்டு வில்லேஜர் மட்டும் அதிகம் வைத்திருந்தார் என்று தெரியவரும்.

பெரிய ஆட்டக்காரர்களின் வீடியோவும் பார்க்கலாம். தி வைப்பர், ஹெரா இருவரும் பல வருடங்களாக உச்சத்தில் இருப்பவர்கள். ஹெரா ஆடிக்கொண்டே ஏன் இப்படிச் செய்கிறேன் என்று விளக்குவார். ஆனால் புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது டி90 என்ற வர்ணனையாளரின் லோ எலோ லெஜண்ட்ஸ். ரேட்டிங்கில் கீழே இருப்பவர்களின் மேட்சுகளை எடுத்து, இறுதிப்போட்டிக்குக் கொடுக்கும் அதே ஆர்வத்தோடு வர்ணிப்பார். உலகம் முழுக்க எத்தனை பேர் உங்களைப் போலவே மறந்து, தடுமாறி, அப்படியும் உயிரைக் கொடுத்து ஆடுகிறார்கள் என்பது அதில் தெரியும்.

கூடவே ஆட ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது. டிஸ்கார்டில் புதியவர்களுக்கான குழுக்கள் இருக்கின்றன, ரெக்கை அனுப்பினால் பார்த்துச் சொல்லும் பொறுமைசாலிகளும் இருக்கிறார்கள். கேட்கும்போது "எப்படி ஜெயிப்பது" என்று கேட்காமல், "14-ஆவது நிமிடத்தில் ஆர்ச்சர் வந்தது, என்னிடம் இவ்வளவு இருந்தது, என்ன இறக்கியிருக்க வேண்டும்" என்று கேளுங்கள். பதில் நிச்சயம் வரும். எலோ வாரியாகப் பிரித்து, குறிப்பிட்ட ரேட்டிங்குக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் நடத்தும் சிறு போட்டிகளும் அவ்வப்போது நடக்கும். 800 எலோவில் இருப்பவர் அதில் பெயர் கொடுக்கத் தயங்க வேண்டியதில்லை, எதிரே வருபவரும் 800-தான்.